முதலீட்டுச் சொற்கள்: ஆங்கிலமும் நோர்வேஜிய மொழியும்

இக்கல்லூரியிற் பயின்று இப்பொழுது நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். குடும்பத்துடன் குடியிருத்தற்கு ஒரு மாடிவீடு வாங்க விழைந்த அவர், விற்பனைப் பத்திரங்களை ஆங்கில அகராதியின் துணைகொண்டு படித்திருக்கின்றார். வீடு என்று எதிர்பார்த்த இடங்களிலெல்லாம் 'பங்கு' எனப் பொருள்படும் ஒரு சொல்லே அவருக்குக் கிடைத்ததாம். "ஐயா, நான் வாங்கப்போவது வீடா, பங்கா?" என்பது அவர் வினா. உயர்தர வகுப்பில் எம்மிடம் வணிகக் கல்வி கற்றவராதலின், இதற்கு விடை கூறுங் கடப்பாடு எமக்கு உண்டென அவர் கருதினார் போலும். எம் தமக்கையார் குடும்பம் பேர்கன் நகரில் வாழ்கின்றது. அவர்தம் பிள்ளைகளின் பழைய பாடநூல்கள் எம் கைக்கு வந்தமையால் அம்மொழியைச் சிறிது கற்றுள்ளோம். அவ்வறிவு பேசுதற்குப் போதாது, படித்தற்குப் போதும். அவருக்கு எழுதத் தொடங்கிய விடை நீண்டு இக்கட்டுரையாயிற்று.

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார் தொல்காப்பியர். பணத்தைப் பற்றிய நோர்வேஜியச் சொற்களை இம்முறையில் நிறுத்துப் பார்ப்பின் திசைச்சொற்றட்டே தாழும். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுப் பேர்கன் துறைமுகத்தில் வட ஜேர்மனிய வணிகர் தமக்கெனப் பண்டசாலைகள் வைத்துக் கருவாட்டு வாணிகத்தை ஆண்டனர். 1814ஆம் ஆண்டு வரை நாடு டென்மார்க்கு மன்னரின் கீழ் இருந்தது. ஆகவே கடன், வட்டி, இலாபம் என்பனவற்றின் பெயர்கள் பலவும் வணிகர் வாய்வழியாகத் துறைமுகத்தில் வந்திறங்கியவை. ஆங்கிலத்திலோ அவற்றுட் பல, இலத்தீனும் பிரெஞ்சும் பயின்ற வழக்கறிஞரின் ஏடுகளிலிருந்து வந்தவை. இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளாதவர், ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு நோர்வேஜியச் சொல் ஒன்று என நேரே வைத்து எண்ணி இடர்ப்படுவர்.

மாணவர் கேட்ட பங்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஷெயர்' என்பது வெட்டுதல் என்னும் அடியிலிருந்து பிறந்த சொல். வெட்டியெடுத்த துண்டு என்பது அதன் பழம்பொருள். கம்பனிப் பங்கும் ஷெயர், கூட்டுறவுச் சங்கப் பங்கும் ஷெயர், தோசையிற் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாலும் ஷெயர். நோர்வேஜியர் இதனை இரண்டாகப் பிரித்துள்ளனர். கம்பனிப் பங்கு 'அக்ஷெ'. கூட்டுறவிலும் முதலீட்டு நிதியத்திலும் ஒருவர்க்குரிய கூறு 'ஆன்டேல்'.

அக்ஷெ என்னும் சொல்லின் வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. இலத்தீனில் 'அக்தியோ' என்பது செயல் என்றும், நீதிமன்றில் வழக்காடி ஒன்றைக் கோரும் உரிமை என்றும் பொருள்படும். ஒல்லாந்தர் அதனை 'அக்ட்சி' ஆக்கினர். 1602ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் முதலிட்டோரின் உரிமை அப்பெயராலேயே வழங்கிற்று. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கம்பனியும் இதுவே. நம் பாட்டன்மாரின் வரிப்பணத்தால் எவருடைய 'அக்ட்சி' கொழுத்ததோ, அச்சொல்லே வடக்கே சென்று ஜேர்மனியர், டேனியர், சுவீடியர், நோர்வேஜியர் வாயில் நிலைத்துவிட்டது. வியப்பென்னவெனில், ஒல்லாந்தர் தாமே பின்னர் அதனைக் கைவிட்டுப் பங்குக்கு 'ஆன்டேல்' என்பதனோடு ஒத்த சொல்லை வழங்கலாயினர். ஆகவே அக்ஷெ என்பது அடிப்படையில் உரிமையைக் குறிப்பது. ஆன்டேல் கூறினைக் குறிப்பது.

மாணவர் வாங்க எண்ணியது 'பூரெட்ஸ்லாக்' எனப்படும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் ஓர் ஆன்டேல் ஆகும். கட்டடமும் நிலமும் சங்கத்துக்குச் சொந்தம். ஒவ்வோர் உறுப்பினரும் ஓர் ஆன்டேலை உடையர். அதனோடு குறித்த ஒரு வீட்டிற் குடியிருக்கும் உரிமை பிணைந்திருக்கும். ஒஸ்லோவில் 1929ஆம் ஆண்டு தோன்றிய 'ஒபொஸ்' என்னும் கூட்டுறவு அமைப்பு இம்முறையில் எண்ணற்ற வீடுகளை எழுப்பியுள்ளது. ஆகவே "வீடா, பங்கா?" என்னும் வினாவுக்கு, "சட்டத்திற் பங்கு, வாழ்க்கையில் வீடு" என்பதே விடை. இதனோடு அமைந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். அப்பத்திரத்தில் அவர் பொருட்படுத்தாமல் விட்ட வேறொரு சொல் இருந்தது. அதுதான் 'ஃபெல்லெஸ்யெல்'.

'ஃபெல்லெஸ்' என்பது பொது. 'யெல்' என்பது கடன். கட்டடம் எழுப்புதற்குச் சங்கம் பெற்ற கடனில் ஒவ்வோர் ஆன்டேலும் சுமக்கும் பகுதியே இது. விளம்பரத்தின் தலைப்பிற் பெரிய எழுத்திற் காணப்படும் தொகை ஆன்டேலின் விலை மட்டுமாக இருக்கக்கூடும். பொதுக்கடனையும் கட்டணங்களையும் கூட்டினாற்றான் முழுவிலை தெரியும். மாணவர் நகலெடுத்து அனுப்பிய தாளில் அக்கடன், கேட்ட விலையிற் பாதிக்குக் குறையாததாக இருந்தது. அவரோ அதனை ஏதோ மாதக் கட்டணம் எனக் கருதியிருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகள் அதனைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். ஆனால் பணவிடயத்தைப் பிள்ளையிடம் கேட்பது நம்மவர் வழக்கமன்றே!

இந்த 'யெல்' என்னும் சொல்லை எழுதும்பொழுது ஈற்றில் டகர ஒலிக்குரிய எழுத்து ஒன்று உண்டு, ஒலிப்பதில்லை. ஜேர்மன் மொழியிற் பணத்தைக் குறிக்கும் 'கெல்ட்' இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் முதலீட்டின் விளைவைக் குறிக்கும் 'யீல்ட்' என்பதும் அக்குடும்பத்ததே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் செலுத்துதல் என்பது பொருள். செலுத்துதல் கொடுத்தலாகி, நிலம் கொடுப்பது விளைச்சலாகி, இன்று முறியும் பங்கும் தரும் வருவாய்வீதம் யீல்ட் எனப்படுகின்றது. வடக்கிலோ, செலுத்தவேண்டியது என்னும் பொருளிலேயே நின்று கடனாயிற்று. ஒரே வேர் கடலின் ஒரு கரையில் வரவையும் மறுகரையிற் பற்றையும் குறிக்கின்றது. இங்கிலாந்தின் வரலாறு கற்றோர் 'டேன்கெல்ட்' என்னும் திறையை நினைவுகூர்வர். 991ஆம் ஆண்டு மால்டன் போரிற் தோற்ற ஆங்கிலேயர், கப்பலேறி வந்த வடவரைத் திருப்பியனுப்பப் பத்தாயிரம் இறாத்தல் வெள்ளி செலுத்தினர். பின்னாளில் அவ்வகைத் திறைக்கு வழங்கிய பெயரின் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே.

ஒரு சொல் பல பொருளைச் சுமந்து நிற்றல் ஆங்கிலத்தின் வணிகச் சொற்களுக்கு இயல்பு. 'செக்கியூரிட்டி' என்பதனை நோக்குக. பாதுகாப்பு, கடனுக்கு ஈடாக வைக்கும் பிணை, சந்தையில் விற்கப்படும் பங்கும் முறியும் போன்ற பத்திரம் ஆகிய மூன்றுக்கும் அஃதொன்றே. நோர்வேஜிய மொழியில் முன்னைய இரண்டும் 'சிக்கெர்ஹேட்'. மூன்றாவது 'வெர்டிபப்பீர்', அதாவது பெறுமதித் தாள். ஒரு கம்பனியின் பங்கு எதற்கும் பிணையன்று. பெறுமதியுடைய ஓர் ஆவணம் என்பதே உண்மை. நம் நாட்டிற் பங்குச்சந்தையை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவின் தமிழ்ப்பெயரிற் 'பிணையங்கள்' என இடம்பெற்றமை ஆங்கிலச் சொல்லின் நிழலைப் பின்பற்றியதன் விளைவேயாம். மாணவர்க்கு இதனை விளக்கப் புகும்போதெல்லாம் "யாருக்கு யார் பிணை?" என்று எவராவது ஒருவர் கேளாமலிரார். எனினும் 'முறி' என்னும் சொல்லை நாம் தெரிந்தெடுத்தது பாராட்டத்தக்கது. எழுதப்பட்ட ஓலைக்குரிய பழஞ்சொல் அது. ஆங்கிலத்தின் 'பொண்ட்' என்பதும், நோர்வேஜியர் இலத்தீனிலிருந்து பெற்ற 'ஒப்லிகஷூன்' என்பதும் கட்டு என்னும் கருத்தில் எழுந்தவை. அவர்கள் கட்டைக் கண்டனர். நாம் ஓலையைக் கண்டோம்.

நோர்வேஜியரின் பெறுமதித் தாளுக்கும் ஒரு குறை நேர்ந்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அந்நாட்டில் மத்திய பதிவகம் ஒன்று அமைக்கப்பெற்றுப் பங்குகளின் உடைமை மின்கணிப்பொறிப் பதிவாக மாறியது. தாள் மறைந்தது; பெயரிற் றாள் நிலைத்தது. இன்னும் ஒன்று. அந்நாட்டில் எழுத்துமொழி இரண்டு. டேனிய வழிவந்தது ஒன்று. நாட்டுப்புறப் பேச்சுகளை ஆராய்ந்து ஈவார் ஓசென் என்னும் அறிஞர் வகுத்தது மற்றொன்று. 1885ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரண்டுக்கும் ஒத்த தகுதி அளித்தது. ஓசென் வழியினர், ஜேர்மன் ஈறுகொண்ட சொற்களைத் தவிர்ப்பர். சிக்கெர்ஹேட் என்பதனை 'த்ரிக்லைக்' என்பர். நம்மிடையே தனித்தமிழ் இயக்கத்தார் மேற்கொண்ட முயற்சியை ஒத்தது இது. மேற்கூறிய வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டாம் எழுத்துமொழியிலேயே இயற்றப்பட்டது. பாவம், எம் மாணவர்! ஒரு மொழிக்கே அகராதி தேடியவர், அது இரண்டாய் நிற்பதைக் கண்டார்.

'ஈக்குவிட்டி' என்னும் ஆங்கிலச் சொல் இதனினும் இடர் தருவது. நேர்மை, சமன்மை என்பது அதன் வேர்ப்பொருள். இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்று, ஈடுவைத்த நிலத்தை உரிய தவணை கடந்த பின்னும் கடனிறுத்து மீட்டுக்கொள்ளும் உரிமையைக் கடனாளிக்கு நேர்மையின் பேரால் வழங்கிற்று. அவ்வுரிமையின் பெயரே நாளடைவிற் கடன் போக எஞ்சும் சொந்தப் பெறுமதிக்கும், அங்கிருந்து கம்பனிப் பங்குகளுக்கும் ஆயிற்று. இவ்வரலாறு அறியாதவர்க்கு நேர்மைக்கும் பங்குக்கும் உள்ள உறவு புலனாகாது. நம் பாடநூல்கள் 'உரிமையாண்மை' என்கின்றன. மாணவர் மனனஞ் செய்கின்றனர். நோர்வேஜியச் சொல் 'ஏகென்கப்பிட்டால்': சொந்த மூலதனம். அவ்வளவே. வீடு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்பவனிடம் முதலில் வினவுவது இதனையே. வாங்குபவன் தன் கையிலிருந்து இடவேண்டிய குறைந்த அளவு 2024ஆம் ஆண்டின் முடிவில் வீட்டுப் பெறுமதியின் 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அச்செய்தியைச் சொற்பொருள் விளக்கமின்றியே ஒரு தொழிலாளியும் உணர்ந்திருப்பான். இத்தகைய இடங்களில் அம்மொழியின் கூட்டுச்சொற்கள் எம்மைப் பொறாமை கொள்ளச் செய்கின்றன.

வட்டியைக் குறிக்கும் 'ரென்ட்டெ' பிரெஞ்சு வழி வந்தது. வட்டியையும் முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி கணக்கிடுவதனை அவர்கள் 'ரென்ட்டெஸ்ரென்ட்டெ' என்பர். சொல்லுக்குச் சொல் 'வட்டிக்கு வட்டி'. நம் தாய்மார் சந்தையிற் சொல்லும் சொல்லும் இதுதானே! நாமோ வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் அதனை வெளியே விட்டு, ஆங்கிலத்தைப் பார்த்துக் 'கூட்டு வட்டி' என்கின்றோம்.

பங்கிலாபத்துக்குரிய ஆங்கிலச் சொல்லாகிய 'டிவிடென்ட்' இலத்தீனிற் பகுக்கப்படவேண்டியது எனப் பொருள்படும், கணக்கனின் சொல். நோர்வேஜியத்தில் 'ஊட்பிட்டெ'. இதன் பின்னுறுப்புக்கு மாற்றுப்பொருள் என்றும், வேட்டையிலும் போரிலும் கிடைத்த கொள்ளைப் பொருள் என்றும் இருபொருள் உண்டு. பங்குதாரர் கூட்டத்தில் அறிவிக்கப்படும் தொகையின் பெயரிற் பழைய கடற்கொள்ளையின் மணம் வீசுகின்றது எனலாம். ஆயினும் சொல் நேரே ஜேர்மனியரின் சுரங்கத்தொழில், வணிக வழக்கினைத் தழுவி அமைந்ததே. ஆசிரியராகிய நமக்குச் சுவை தருவது வேறொன்று. ஒரு சொற்பொழிவினாற் பயன் பெற்றேன் என்பதற்கும் அவர்கள் ஊட்பிட்டெ என்பர். நம் பாடத்திட்டங்களிற் 'கற்றற் பேறு' எனப்படுவது அவர்கள் பாடத்திட்டத்தில் 'லேரிங்ஸ்ஊட்பிட்டெ'. கற்றலின் பங்கிலாபம் என்று பெயர்க்கத் தோன்றுகின்றது.

முதலீடு தரும் மொத்த விளைவுக்கு 'ஆவ்காஸ்ட்னிங்' என்பது பெயர். எறிந்து தள்ளுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. மரம் தன் கனியை உதிர்ப்பதுபோல் முதல் தன் விளைவை உதிர்க்கின்றது. முதல் என்னும் நம் சொல்லும், தலை என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிற் பிறந்த 'கப்பிட்டால்' என்பதும் கருத்தால் ஒன்றே என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும். முதலை இடுதல் முதலீடு. ஆங்கிலத்தின் 'இன்வெஸ்ட்' என்பதோ ஆடை உடுத்தல் என்னும் இலத்தீன் வினை. பணத்துக்கு வேற்றுடை அணிவித்தல் என்னும் உருவகம். நோர்வேஜியர் அவ்வினையைக் கடன் பெற்றுள்ளனரேனும், 'ப்ளஸ்ஸேரெ', அதாவது ஓரிடத்தில் வைத்தல் என்றும் கூறுவர். அது நம் 'இடு' என்பதற்கு அண்மையது.

ஆனால் அவர்களின் எளிய சொற்கள் எல்லாம் நன்மையே செய்வன அல்ல. சேமித்தல் என்னும் பொருளில் 'ஸ்பாரெ' என்பது அங்கு நாள்வழக்கு. 1822ஆம் ஆண்டு கிறிஸ்தியானியா நகரில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், தொடங்கிய சேமிப்பு வங்கியின் பெயரிலும் அச்சொல் நின்றது. அக்காலத்தில் அது வங்கியில் வைக்கும் சிறு பணத்தையே குறித்தது. இன்றோ ஆங்கிலேயர் பங்குகளில் முதலிடுதல் என்று கூறுமிடத்து நோர்வேஜியர் பங்குகளிற் சேமித்தல் என்கின்றனர். 2017ஆம் ஆண்டு அரசு அறிமுகஞ் செய்த தனிவகைக் கணக்கின் பெயரும் 'அக்ஷெஸ்பாரெகொன்டோ', பங்குச் சேமிப்புக் கணக்கு. வங்கி வைப்புக்கு உள்ள உத்தரவாதம் பங்கின் விலைவீழ்ச்சிக்கு இல்லை. சேமிப்பு என்னும் பாலொத்த சொல் அவ்விழப்பின் அச்சத்தை மறைத்துவிடுகின்றது. இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லே நேர்மையானது என்பது எம் கருத்து. மாணவர் தம் மனைவியின் ஓய்வூதியப் பணத்தைப் பற்றியும் எழுதியிருந்தமையாற் கடிதத்தில் இப்பகுதியை மைக்கோடிட்டு அனுப்பினோம்.

விலை வீழும் என எதிர்பார்த்து, கையில் இல்லாத பங்கை முன்கூட்டி விற்பவனை ஆங்கிலேயர் 'கரடி' என்பர். கரடியைப் பிடிக்குமுன் அதன் தோலை விற்றவனைப் பற்றிய பழமொழியே இப்பெயர்க்கு மூலம் எனக் கூறுவர். நோர்வேயிற் கரடி இன்றும் காட்டில் வாழ்கின்றது. கரடியைச் சுடுமுன் தோலை விற்காதே என்னும் பழமொழியும் மக்கள் வாயில் வாழ்கின்றது. எனினும் பங்குச்சந்தை எழுத்தாளர் அவ்வகை விற்பனைக்குத் தம் பழமொழியை நாடாது ஆங்கிலத்தின் 'ஷோர்ட்' என்பதையே பெரிதும் எடுத்தாளுகின்றனர். வீட்டிலுள்ள நெல்லை விடுத்துக் கடையில் அரிசி வாங்கும் இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என ஆறுதல் கொள்ளலாம்.

இனி, உலகறிந்த ஒரு பெயரை நோக்குவாம். வடகடலில் எக்கோஃபிஸ்க் என்னுமிடத்தில் 1969ஆம் ஆண்டு பெரும் எண்ணெய்வளம் காணப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு நிதியம் அமைக்கப்பெற்று, 1996ஆம் ஆண்டு முதற்றொகை இடப்பட்டது. மக்கள் அதனை 'எண்ணெய் நிதியம்' என்றே அழைப்பர். 2006ஆம் ஆண்டு அதன் சட்டப்பெயர் ஓய்வூதிய நிதியம் என மாற்றப்பட்டது. ஆயினும் எவர்க்கும் அது நேரே ஓய்வூதியம் வழங்குவதில்லை. அப்பெயரின் ஈற்றில் நோர்வேஜியத்தில் 'ஊட்லான்', அதாவது வெளிநாடு, என்னும் சொல் நிற்கின்றது. ஆங்கிலப் பெயரில் அவ்விடத்தில் 'குளோபல்' என்றிருக்கின்றது. உலகம் என்றால் நோர்வேயும் அதனுள் அடங்கும். வெளிநாடு என்றால் அடங்காது. உண்மையில் இந்நிதியம் நாட்டுக்கு வெளியே மட்டுமே முதலிடுவது. உள்நாட்டுக்கெனத் தனியாக வேறொரு சிறு நிதியம் உண்டு. எண்ணெய்ப் பணம் உள்ளே பாய்ந்து விலைவாசியைக் கிளப்பி ஏனைய தொழில்களை நலியச் செய்யாதிருத்தற்கு இட்ட அணையே இது. அவ்வணை முழுவதும் ஊட்லான் என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்க, மொழிபெயர்ப்பில் அது கரைந்துவிட்டது. உலகெங்கும் பங்குச்சந்தையிற் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரையை உடைய நிதியத்தின் பெயரிலேயே இவ்வாறெனின், தனி ஒருவனின் ஒப்பந்தத்தாளைப் பற்றிக் கூறவேண்டுமோ?

எம் விடை சென்ற இரண்டாம் மாதத்தில் மாணவரிடமிருந்து மறுகடிதம் வந்தது. முழுவிலையைக் கணக்கிட்டுப் பார்த்து அவ்வீட்டை விடுத்து, பொதுக்கடன் குறைந்த வேறொரு சிறு வீட்டை வாங்கியதாக எழுதியிருந்தார். அதனுடன் மற்றொரு வினாவும் இருந்தது. அங்குள்ள பழைய மாணவர் சிலர் கூடி, வறிய மாணவர்க்கு உதவும் பொருட்டு நம் கல்லூரிக்கு ஒரு 'ட்ரஸ்ட்' நிறுவ எண்ணியுள்ளனராம். அதற்கு நோர்வேஜியச் சொல் யாது?

அதற்குச் சொல் இல்லை. ஏனெனிற் பொருளே இல்லை. ட்ரஸ்ட் என்பது ஆங்கிலச் சட்டம் பெற்றெடுத்த பிள்ளை. ஒரு சொத்துக்குச் சட்டப்படி உடையவன் ஒருவன், அதன் பயனுக்கு உரியவன் வேறொருவன் என இரண்டாக்கி நிற்பது. நம் நாட்டில் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் வழியாக அது வேரூன்றியுள்ளமையால் நமக்கு இயல்பானதாகத் தோன்றுகின்றது. அகராதிகள் காட்டும் 'ஸ்டிஃப்டெல்செ' என்பது வேறு. அதற்கு உடையவன் என ஒருவனும் இல்லை. ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பணம் தன்னைத்தானே உடைமையாகக் கொண்டு நிற்கும். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் தொடக்க மூலதனம் ஓரிலட்சம் குரோணருக்குக் குறைதலாகாது. பதிவு வேண்டும், கணக்காய்வு வேண்டும். கொடுத்தவர் மனம் மாறினாலும் கொடுத்ததைத் திரும்பப் பெறல் இயலாது. நண்பர்களோ, ஆங்கிலத்தில் ட்ரஸ்ட் என்றும் நோர்வேஜியத்தில் ஸ்டிஃப்டெல்செ என்றும் ஒரே பத்திரத்தை இருமொழியில் எழுதிக் கையொப்பமிடத் துணிந்திருந்தனர். இருநாட்டு வழக்கறிஞரையும் கலந்தாலன்றி ஒப்பமிடவேண்டா என்றும், ஆண்டுதோறும் ஒரு தொகையை நேரே அனுப்பும் சங்கமாக இப்போதைக்குத் தொடங்கலாம் என்றும் எழுதியுள்ளோம். சங்கத்துக்கு அங்கு 'ஃபொரேனிங்' என்று பெயர். அச்சொல்லில் இடரொன்றும் எமக்குத் தென்படவில்லை.